முகவைக்கு வைத்த பொட்டு

1

சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் காலை, கனடாவில் நான் கற்பிக்கிற கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் மாடி ஆய்வுகூடத்தில் ‘அடையாளம் தெரியாத சிவப்புத் தூள்’ காணப்பட்டிருப்பதாகவும், மறு அறிவித்தல் வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றும் அதில் இருந்தது. காரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாசித்தேன். அந்தத் தூளை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். அது குங்குமம். வைத்தவள் நான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைப் புரியவைப்பது லேசு. முதல் நாள் வீட்டில் மகளின் புத்தகங்களை வைத்துப் பூசை செய்தேன். என் தொழிலுக்கென்று வைக்க வீட்டில் ஒன்றுமில்லை. என் சாமான்களெல்லாம் கல்லூரியில் இருக்கின்றன. ஆகவே வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு மைக்ரோஸ்கோப் என்கிற நுணுக்குக்காட்டி ஒன்றுக்கும் பீக்கர் என்கிற முகவை ஒன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பூசையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக்கூடாதல்லவா? மறுநாள் காலை வெள்ளனவே போய்த் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான கிரெக் என்னைவிட வெள்ளன எழும்புகிற ஆள் என்பதை மறந்துபோனேன்.

படியேறிப் போய் ஒப்புக்கொண்டேன். கிரெக் கையுறை, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி என்று போர்க்கோலத்தில் நின்றான். நல்ல மனுசன், விதியென்றால் மட்டும் விதிதான். படிவமொன்றை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டான்.

"பொருளின் பெயர்?"

"குங்குமம்."

"உற்பத்தியாளர்?"

"தமிழ்க் கடை."

"என்ன பயன்பாட்டுக்கு?"

யோசித்தேன். "மரியாதைக்கு" என்றேன்.

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு ‘அலங்காரம்’ என்று எழுதிக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் கதையைச் சொன்னபோது பதினாறு வயது மகள் நிவேதா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். "அம்மா, இனி யாராவது அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டா நீங்க கணக்காளர்னு சொல்லிடுவேன்" என்றாள். இந்த ஒரு வசனத்தை முழுக்கத் தமிழில் சொன்னதற்காகவே அவளை மன்னித்தேன்.

2

முகவைக்கு ஏன் பொட்டு என்று நிவேதா கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டப் பாடசாலை. அங்கே விஞ்ஞானத்துக்கென்று ஒரு அலுமாரி இருந்தது, அறை இல்லை. யாரோ எப்போதோ கொடுத்த முகவைகள், குடுவைகள், சோதனைக் குழாய்கள் எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடந்தன. உடைந்தால் அதிபர் பதில் சொல்லவேண்டும். ஆகவே உடையாமல் இருப்பதற்கு ஒரே வழி தொடாமல் இருப்பது. வருடத்தில் ஒருநாள், வாணி விழாவுக்கு, அலுமாரி திறக்கும். பெண் பிள்ளைகளாகிய நாங்கள் கண்ணாடிச் சாமான்களைப் தண்ணீர்ப் பீலியடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து வீணையோடு இருக்கிற அம்மனுக்கு முன்னால் அடுக்குவோம். மறுநாள் திரும்ப உள்ளே போய்விடும்.

என் பக்கத்தில் நின்று கழுவுகிறவள் தேவி. எங்கள் லயத்து வீடுகளுக்கு அடுத்த லயம். ஒருமுறை சோதனைக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இதுக்குள்ள என்னத்தடி ஊத்துவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பரிசோதனைகள் அத்தனையும் மனப்பாடம். நீலப் பாசிச்சாயத்தாள் அமிலத்தில் சிவப்பாகும், சிவப்புத் தாள் காரத்தில் நீலமாகும், மாப்பொருளில் அயடீன் விட்டால் கருநீலமாகும். சேர் கரும்பலகையில் படம் கீறுவார், ‘அவதானம்’ என்று தலைப்புப் போட்டு நிறத்தை எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். பரிசோதனை ஒருநாளும் பிழைத்ததில்லை, தவறான நிறம் வந்ததில்லை.

உயர்தர வகுப்பில் தமிழில் விஞ்ஞானம் படிக்க அந்தப் பக்கம் இடமில்லை. ருவான்வெல்லை பஜாரில் கடை வைத்திருந்த என் மாமா, "சிங்களத்துல படிக்கிறதுன்னா வா, சோறு போடுறேன்" என்றார். போனேன். தேவிக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அவள் தமிழில் கலைப் பிரிவு படித்து, பிறகு தோட்டப் பாடசாலைக்கே ஆசிரியையாகப் போனாள். அங்கே விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. சமயமும் வரலாறும் படித்த தேவியின் தலையில் விஞ்ஞானத்தைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அவள்தான் கற்பிக்கிறாள். அதே அலுமாரிதான், சாவி மட்டும் வேறொரு அதிபரிடம் இருக்கிறது.

3

நான் இங்கே கனடாவில் கற்பிக்கிற பிள்ளைகளும் விஞ்ஞானத்துக்கு வந்தவர்கள் அல்லர். சமையல், சிகையலங்காரம், சிறுவர் பராமரிப்பு, கார்ட்டூன் வரைதல் என்று என்னென்னவோ படிக்கிறவர்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் எல்லோரும் ஒரு விஞ்ஞானப் பாடம் எடுத்தாகவேண்டும். அந்த ஒன்று நான். பாடத்தின் பெயர் ‘அன்றாட விஞ்ஞானம்’. முதல் நாள் அவர்கள் வந்து உட்கார்வதைப் பார்த்தால் தடுப்பூசி போட வந்த வரிசை மாதிரி இருக்கும்.

"எனக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றான் சமையல் படிக்கிற ட்ரெவர், பெயர் கூப்பிட்டபோதே. ரோசா என்ற பெண்மணி அதைவிட மோசம். ஐம்பதை நெருங்கியவள், நெடுங்காலம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது சிறுவர் பராமரிப்புப் படிக்கிறாள். முதல் வாரம் சோதனைக் குழாயை என் கையில் திருப்பித் தந்து, "உடைத்துவிடுவேன், நீங்களே செய்யுங்கள்" என்றாள். எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போனது. "உடையுங்கள், வேறு இருக்கிறது" என்றேன். இந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பணக்காரத் திமிர் வரும். பெட்டி பெட்டியாக இருக்கிறதே!

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் உயர்தரத்தைச் சிங்களத்தில் படித்தவள். கும்பிடுவது தமிழில், கற்பிப்பது ஆங்கிலத்தில், ஆனால் கையில் துளிக்குழாயை எடுத்துவிட்டால் வாய் தன்பாட்டில் சிங்களத்தில் "எகாய், தெகாய், துனாய்" என்று எண்ணும். அது என்ன மந்திரம் என்று ட்ரெவர் கேட்டான். சொன்னேன். இப்போது வகுப்பே துளிகளை அப்படித்தான் எண்ணுகிறது. ருவான்வெல்லையில் எனக்கு இரசாயனம் படிப்பித்த மெடம் கேட்டால் கண்ணீர் விடுவார்.

இவர்களை எனக்கு அநியாயத்துக்குப் பிடிக்கும். விஞ்ஞானம் படிக்க வந்த பிள்ளைகள் விடை சரியா என்று கேட்பார்கள். இவர்கள், "இது ஏன் இப்படி நாறுகிறது?" என்று கேட்பார்கள். என் சொந்த மகளுக்கோ இரண்டு கேள்வியும் இல்லை. அடுத்த வருடத்தோடு விஞ்ஞானத்தை விட்டுவிட்டு நாடகம் படிக்கப்போகிறாளாம். சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரிச் சொன்னாள். நான் அந்த விஞ்ஞானத்துக்காக இரண்டு மொழி தாண்டி வந்தவள். கோபம் வந்தது, ஆனால் அன்று அவள் தலைமுடி அழகாக இருந்தது, அதைப் பற்றிப் பேசிவிட்டு விட்டேன்.

4

சிவப்புத் தூள் விவகாரம் அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கையில் எங்கள் பிரிவுக்குத் தலைவியான பீடாதிபதி எலைன் கூப்பிட்டார். மென்மையாகப் பேசுகிறவர். மென்மையாகப் பேசுகிறவர்கள் கூப்பிட்டால் எனக்குப் பயம்.

"இது தண்டனை இல்லை, புவனா" என்று தொடங்கினார். அப்படியென்றால் தண்டனைதான் என்று புரிந்துகொண்டேன். "எங்களுக்கு முன்பே ஒரு யோசனை இருந்தது. உங்கள் பாடத்தில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஆய்வுகூடம். செலவு, பாதுகாப்பு, இப்போது இந்தச் சம்பவமும். அதற்குப் பதிலாகக் காணொளிகள் வைக்கலாம். மிகவும் தரமானவை. மாணவர்கள் வீட்டிலிருந்தே பார்த்து அவதானத்தை எழுதலாம். எந்தப் பரிசோதனையும் ஒருபோதும் பிழைக்காது."

அந்தக் கடைசி வசனம் என்னை என்னவோ செய்துவிட்டது. கண்ணாடிச் சாமானே தொடாமல் அவதானம் எழுதிய பிள்ளை நான். அங்கே இல்லாமையினால் அப்படி. இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர், திருகினால் எரிவாயு, பெட்டி பெட்டியாக முகவை. அதைப் பூட்டிவைத்துவிட்டுப் படம் காட்டப் போகிறார்களா? அதற்குக் காரணம் என் பொட்டா?

எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் சுருங்கிவிடும். "ஒரு வகுப்புக்கு வாருங்கள். பாருங்கள். பிறகு மூடுங்கள்" என்றேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "வியாழக்கிழமை வருகிறேன். ஆனால் மாத முடிவுக்குள் நான் தீர்மானிக்கவேண்டும்."

வீட்டுக்கு வந்து தேவிக்கு அழைத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அனே, அங்கயுமா லேப்ப மூடுறாங்க?" என்றாள். "நம்ம ஊர்ல தொறக்கவே மாட்டேங்கிறாங்க, ஒங்க ஊர்ல தொறந்தத மூடுறாங்க. நல்லா இருக்குதுடி நியாயம்."

"என்னத்த செஞ்சு காட்டுறதுன்னு தெரியலடி. பெரிசா ஏதாவது செய்யணும்."

"பெரிசா எதுக்கு? அந்தக் குங்குமத்தயே செஞ்சு காட்டு. மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கும்ல, கல்யாணத்துல ஆலாத்தி எடுக்கிற தண்ணி. அதுல எலுமிச்சம்பழம் புழிஞ்சா திரும்ப மஞ்சளாயிரும். குங்குமமும் அப்படித்தான், அதுவும் மஞ்சளும் சுண்ணாம்புந்தானே? போன மாசங்கூட ஒம்பதாம் வகுப்புக்குப் படிச்சுக் குடுத்தேன். புத்தகத்துல இருக்குது."

எனக்கும் அது மனப்பாடம். எலைனைப் பயமுறுத்திய அதே தூள் அவர் கண்முன்னே மஞ்சளாக மாறவேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும்? "ஹரி, அதையே செய்றேன்" என்று சிங்களத்தில் சரி சொன்னேன்.

5

வியாழக்கிழமை எலைன் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கிரெக் கதவடியில் கைகட்டி நின்றான். நான் குங்குமச் சிமிழை முறைப்படி பதிவுசெய்து கொண்டுவந்திருந்தேன்.

"இதுதான் அந்த ஆபத்தான பொருள்" என்றேன். வகுப்பு கைதட்டியது. எங்கள் பெண்கள் நெற்றியில் வைப்பது, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது என்று விளக்கினேன். முதலில் நாங்களே செய்து பார்ப்போம் என்று எல்லோருக்கும் மஞ்சள் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொடுத்தேன். கலந்தார்கள். இரத்தச் சிவப்பாக வந்தது. "ஓ!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம், அது எலைன். அதற்குள் வினாகிரி விட்டார்கள், "எகாய், தெகாய், துனாய்" என்று எண்ணி எண்ணி. மஞ்சள் திரும்பி வந்தது. ரோசா தன் குழாயை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இப்போது குங்குமம். இதிலும் வினாகிரி விடுங்கள். இதுவும் மஞ்சளாகும், பாருங்கள்."

விட்டார்கள். குங்குமம் சிவப்பாகவே இருந்தது.

"புவனா, மஞ்சளாகவில்லை" என்றான் ட்ரெவர்.

"இன்னும் விடுங்கள்."

"விட்டேன். இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது."

நான் போய் என் கையால் விட்டுப் பார்த்தேன். குலுக்கினேன். வினாகிரிப் போத்தலை மாற்றினேன். சிவப்பு அசையவில்லை. ஒருபோதும் பிழைக்காத காணொளியைப் பற்றிச் சொன்ன பெண்மணி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், என் பரிசோதனை பிழைத்துவிட்டது. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரசாயனம் பழையதாக இருக்கலாம் என்று ஏதோ சாட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்கள்" என்றாள் ரோசா. "நாங்கள் செய்தது மாறியது. கடையில் வாங்கியது மாறவில்லை. வினாகிரி ஒன்றுதான். அப்படியானால் இதற்குள் இருப்பது மஞ்சள் இல்லை, வேறேதோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது நான் அன்று செய்த நல்ல காரியம்.

"சாயம்!" என்றான் ட்ரெவர். "எங்கள் சமையலறையில் மிளகாய்த்தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுவோம். சாயம் ஓடும், மசாலா ஓடாது."

கோப்பி வடிகட்டுகிற கடதாசி வேண்டுமென்றான். கிரெக் விதி எதையோ சொல்லப் போனவன், சொல்லாமல் ஆசிரியர் அறைக்கு ஓடிப்போய் எடுத்துவந்தான். கடதாசியில் இரண்டு பொட்டு வைத்தார்கள், ஒன்று மஞ்சள், ஒன்று குங்குமம். நுனியைத் தண்ணீரில் வைத்தார்கள். மஞ்சள் வைத்த இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. குங்குமத்திலிருந்து பளபளவென்று ஒரு றோசா நிறம் கிளம்பிக் கடதாசியில் ஏறு ஏறென்று ஏறியது. ட்ரெவர் மேசையில் தட்டினான். என்ன சாயம் அது, மலிவானதா, தோலுக்குக் கூடாததா, வேறு கடையில் வாங்கினால் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு கேள்வி.

"நீங்கள் இதை நெற்றியில் வைக்கிறீர்களா?" என்று ரோசா உண்மையான கவலையோடு கேட்டாள். என் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடமாகச் சாயத்தைப் பூசிக்கொண்டு சுமங்கலியாகத் திரிந்திருக்கிறேன்!

பிறகு வகுப்பு என் கையில் இல்லை. பையிலிருந்த தக்காளிச் சோஸ், உதட்டுச்சாயம், எதுவெல்லாம் சிவப்போ அதிலெல்லாம் வினாகிரி விட்டுப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தால் எலைன் எழுந்து நின்று தன் தேநீர்க் கோப்பைக்குள் துளிக்குழாயால் வினாகிரி விட்டுக்கொண்டிருக்கிறார். தேநீரின் நிறம் வெளிறியது.

"அட! ஏன் வெளிறுகிறது?" என்று என்னைக் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். தேயிலையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் யோசிக்கத் தொடங்கியபோது கிரெக் கண்டுவிட்டான். "ஆய்வுகூடத்துக்குள் குடிக்கிற பொருள் கொண்டுவரக்கூடாது!" என்று கத்தினான். பீடாதிபதி கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

6

திங்கட்கிழமை பதில் வந்தது. அடுத்த வருடமும் ஆய்வுகூட மணித்தியாலம் இருக்கும், அதன்பிறகு மீண்டும் பரிசீலிக்கப்படும், பண்பாட்டு நோக்கங்களுக்கான தூள்களை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்று எலைன் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: தேநீர் ஏன் வெளிறியது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், விடையைச் சொல்லிவிடவேண்டாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடம்தான், தெரியும். ஆனாலும் அந்த அறை என் வீட்டைவிட எனக்கு நெருக்கம். உடனே தேவிக்கு அழைத்தேன். அங்கே சாயந்தரம், பாடசாலை விட்டு வந்து விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். பீடாதிபதி கோப்பையை ஒளித்த இடத்தில் மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். பிறகு குங்குமம் மாறாத கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"மாறவே இல்லயா?"

"இல்லடி. கடக் குங்குமம் பூராச் சாயம்."

"அப்ப நான் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுத்தது?"

"நாம செஞ்ச மஞ்சத்தண்ணி மாறுச்சு. அது சரிதான். குங்குமந்தான் பொய்."

விறகில் கோடரி விழுந்தது, ஒரு தரம், இன்னொரு தரம். பேச்சை மாற்றலாமென்று நான் சந்தோசமாக, "நாம வாயால படிச்ச பரிசோதனை இருக்குல்ல தேவி, எல்லாத்தயும் இந்த வருசம் ஒன்னொன்னா என் கையால செஞ்சு பாக்கப்போறேன்" என்றேன்.

"செய்யிடி" என்றாள். கோடரியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "செஞ்சுட்டு, எதெது உண்மைன்னு எனக்கும் சொல்லு. நான் இத்தன வருசமா பிள்ளைங்ககிட்ட எல்லாமே உண்மைன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."